சுழி சொல்லாமல் விற்ற லென்ஸ்

சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு லென்ஸ் என் மேசைமேல் வந்து உட்கார்ந்தபோது, என் ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜியும் இன்னொரு கையில் மைக்கும் இருந்தன. இரண்டுமே எனக்குப் பிடித்தவை. எதையும் கீழே வைக்க மனம் வரவில்லை.

“ஏனுங்கண்ணா, இதை விக்கோணுமுங்க. நீங்களே மைக்குல சுழி சொல்லிப்போடுங்க” என்றார் ஈஸ்வரி.

லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு நகப்பூச்சு. அது என் மனைவி சாந்தாமணியின் நகப்பூச்சு. என் பொருள்களுக்கெல்லாம் அடையாளமாக அந்தப் பொட்டை வைப்பவன் நான்தான். வாயிலிருந்த பஜ்ஜியை மெல்ல மறந்துவிட்டேன்.

போன வாரம் என் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வார்னிஷ் பற்றிக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வாசகர், “கேமராப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று சொல்லவே இல்லையே” என்று குறைப்பட்டிருந்தார். சொல்கிறேன் ஐயா. படித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. திட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

டாக்டர்கள் விற்ற கேமராக்கள்

கோவை அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் சாப்பாட்டுக்கூடம் எங்களுக்குக் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். சாம்பார் வாளி வைக்கிற நீள மேசைகளில் பழைய கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி எல்லாவற்றையும் பரப்பி வைத்து, விற்போம், வாங்குவோம், மாற்றிக்கொள்வோம். சுவரில் முந்தின நாள் மாப்பிள்ளை பெண் பெயர் தெர்மாகோலில் மின்னிக்கொண்டிருக்கும்.

இந்தச் சந்தைக்குப் போனால் ஒரு மருத்துவ அதிசயத்தைப் பார்க்கலாம். அங்கே விற்பனைக்கு வரும் கேமராக்களில் பாதி, “ஒரு டாக்டர் வெச்சிருந்ததுங்க, பெட்டியை விட்டு வெளியவே எடுக்கலீங்க” என்ற வகை. கொங்கு நாட்டில் இத்தனை டாக்டர்கள் கேமரா வாங்கி, ஒரு படம்கூட எடுக்காமல் விற்றிருக்கிறார்கள். இவர்கள் நோயாளியைப் பார்த்தார்களா இல்லையா என்பதுதான் என் கவலை. நானே அப்படி நாலைந்து டாக்டர்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒருவர் கண் டாக்டர். அவரைச் சொன்னால் பொருள் சீக்கிரம் போகும்.

சாந்தாமணிக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். அவர் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார்.

“ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும். இல்லாட்டி நீங்க வெளிய போகோணும்.”

இதைவிடத் தெளிவான சட்டத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

மாட்டுக்கு வந்தது கேமராவுக்கு

எங்கள் சந்தையைத் தொடங்கியவர் சென்னியப்பன். கோபிசெட்டிபாளையத்துக்காரர். வாலிப வயசில் மாட்டுத் தரகு பார்த்தவர், பிறகு கல்யாண வீடியோவுக்கு வந்தார். தொழிலை மாற்றினாரே தவிரத் தோளில் கிடந்த துண்டை மாற்றவில்லை. லென்ஸைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

மாட்டின் உடம்பில் சில இடங்களில் முடி சுழித்துக்கொண்டு நிற்கும். சில சுழி ராசி என்பார்கள், சில சுழி ஆகாது என்பார்கள். மறைத்து விற்றால் வம்பு. முதலிலேயே சொல்லிவிட்டால் வாங்கியவன் பிற்பாடு வாயைத் திறக்க முடியாது. சென்னியப்பன் இந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் இறக்கிவிட்டார். கேமராவில் இருக்கும் கோளாறுக்கு எங்கள் சந்தையில் சுழி என்றுதான் பெயர். விலை பேசுவதற்கு முன்னால், விற்கிறவன் தன் வாயால் எல்லாச் சுழியையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. சொல்லாமல் விட்டது பிற்பாடு தெரிந்தால், கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தரவேண்டும், அடுத்த மூன்று சந்தைக்கு மேசை போடக்கூடாது. ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய்தான் எல்லாம்.

விற்க வருகிறவர்களில் சிலருக்குக் கூட்டத்தில் பேசக் கூச்சம். அவர்களுக்காகச் சுழி சொல்ல ஒரு மைக் வைத்தார்கள். அதைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும், குரலும் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். கடைசியில் என்னைப் பிடித்தார்கள். குரல் இருந்தது.

கண்ணில் பட்ட வெள்ளை லென்ஸ்

இரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும். மழைக்காலம். என்னிடம் ஒரு பழைய 135 எம்.எம். லென்ஸ் இருந்தது. ஆளை நெருக்கமாக எடுக்க அருமையான சாமான். அதைத் தோல் உறையில் போட்டு அட்டாலிப் பரணில் வைத்துவிட்டு ஒரு மழை முழுக்க மறந்துபோனேன். தோல் உறைக்குள் ஈரம் நின்றால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்.

எடுத்துப் பார்த்தால், உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் விட்டமாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது.

அந்த வாரம் கூடிய சந்தையில் ஒரு வெள்ளை நிற டெலி லென்ஸ் வந்திருந்தது. நீளமாக, சும்மா ஜம்மென்று. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை நமநமவென்றது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், சாந்தாமணி சட்டப்படி ஒன்று வெளியே போகவேண்டும். அன்று என் பையில் இருந்தது இந்தப் பூஞ்சை லென்ஸ் மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவோ, மகளின் காலேஜ் ஃபீஸோ இருந்திருந்தால் எழுதுவதற்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! நீங்களும் “பாவம் மனுசன்” என்றிருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

வாங்க வந்தவர்தான் ஈஸ்வரி. நாற்பது வயது இருக்கும். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியை ஓடவிட்டு, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே சாயம் திட்டாக இருக்கிறது என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. தவணையில் ஒரு கேமரா வாங்கியிருந்தார். கூட வேலை செய்கிற பெண்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவரவர் வீட்டில் மாட்டக் கொடுக்கவேண்டும் என்று ஆசை.

“கம்பெனி ஐடி கார்டுல எல்லாம் திருடி மாதிரி இருக்கறாங்கண்ணா. பாத்தா எங்களுக்கே பயமா இருக்குதுங்க” என்று சிரித்தார்.

நான் என் பொருளுக்குச் சுழி சொன்னேன். வெளிவளையத்தில் ஒரு கீறல். முன்மூடி இல்லை. தோல் உறையின் வார் அறுந்தது. ஒவ்வொன்றையும் அரிச்சந்திரன் வீட்டுப் பங்காளி மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

“டார்ச் அடிச்சுப் பாக்கலாமுங்களா?” என்றார்.

“தாராளமாப் பாருங்க அம்மணி, இருங்க, நானே காட்டறேன்” என்று லென்ஸை என் கைக்கு வாங்கிக்கொண்டேன்.

லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெளியே ஒரு வளையம் உண்டு. அதைப் பதினொன்று என்ற எண்ணுக்குத் திருப்பினால் துவாரம் சிறுத்துவிடும். நடுக்கண்ணாடி மட்டும்தான் தெரியும். ஓரம் தெரியாது. நான் பதினொன்றுக்குத் திருப்பி, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, என் போனிலிருந்தே டார்ச் அடித்துக் காட்டினேன். உதவி செய்கிற மனசு எனக்கு.

“அவ்வளவுதானுங்களா அண்ணா? வேற ஒண்ணுமில்லீங்களா?”

“அவ்வளவுதானுங்க அம்மணி.”

வெள்ளை லென்ஸ் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தது. சாந்தாமணி எண்ணிப் பார்த்துவிட்டு, கணக்கு சரி என்றார்.

இலவச ஆலோசனை

இதோடு நின்றிருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

அடுத்த சந்தைக்கு ஈஸ்வரி ஒரு கவர் நிறைய படங்களோடு வந்தார். கம்பெனிச் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தவை. ஜன்னல் வெளிச்சம் எதிரே இருப்பதால் எல்லாப் படத்திலும் புகை போட்டமாதிரி வெளுப்பு. முகம் இருக்கிறது, தெளிவு இல்லை.

“ஏனுங்கண்ணா இப்படி வருது?”

எனக்குத் தெரியும். பூஞ்சை பிடித்த கண்ணாடிக்கு எதிர்வெளிச்சம் ஆகாது. அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும்.

நான் அரைமணி நேரம் பேசினேன். “வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கப்படாது அம்மணி. உங்களுக்குக் கை வேற ஆடுது. மூச்சைப் புடிச்சு எடுக்கோணும். பழகப் பழகத்தான் வரும்” என்றேன். அவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் ஐயா! நானும் மெதுவாகச் சொன்னேன், விட்டுப்போகக் கூடாதே என்று.

அதற்கடுத்த சந்தைக்கும் வந்தார். அதே புகை. அதே ஆலோசனை. மூன்றாவது தடவை படங்களைக் காட்டவில்லை. “கேமராவையே குடுத்துப்போடலாமுன்னு பாக்கறேனுங்க” என்றார்.

“எல்லாருக்கும் கை வராதுங்க அம்மணி” என்று ஆறுதல் சொன்னேன்.

இப்போது எழுதும்போதுகூட அந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். வேண்டாம், இருக்கட்டும். சொன்னவன் நான்தான்.

பிறகு ரொம்ப நாள் அவர் வரவில்லை. நான் அவரை மறந்துவிட்டேன். மறப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இதற்கிடையில் சந்தைக்குப் புதிது புதிதாக ஆட்கள் வர, அவர்களுக்காக நான் மைக்கில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

“டார்ச் அடிக்கறதுக்கு முன்னாடி வளையத்தை முழுசாத் திறந்து வெச்சுக்கோங்க. மூடி வெச்சுப் பாத்தா ஓரத்துப் பூஞ்சை தெரியாதுங்க. சில பேரு அப்படித்தான் ஏமாத்திப்போடுவாங்க. சாக்கிரதையா இருக்கோணும்.”

‘சில பேரு’ என்று சொல்லும்போது எனக்கு நாக்கு குழறவே இல்லை. அன்று மூன்றாவது வரிசையில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேமராவை விற்கலாம் என்று வந்தவர். லென்ஸ் மடியில் பைக்குள் இருந்திருக்கிறது.

மைக்கும் நானும்

இனி, அதற்கடுத்த சந்தையில் நான் தின்ற பஜ்ஜிக்கு வருவோம்.

அவர் ஒட்டியிருந்த அம்புக்குறி, பூஞ்சை படர்ந்த இடத்துக்கு நேராக, லென்ஸின் விளிம்பில் ஒட்டியிருந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை. வேலை தெரிந்த கை.

அந்த நேரத்தில் என் மூளை ஓடிய ஓட்டத்தைப் பட்டறையில் எந்த மோட்டாரும் ஓடியதில்லை. கரண்ட் போகுமா என்று மேலே பார்த்தேன். ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பூஞ்சை பெருந்துறையில் பிடித்தது என்று சொல்லலாமா? ரெண்டு வருஷம் ஆயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது? என்னை எட்டு வருஷமாக நம்பி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நான் ‘நம்ம தங்கராசண்ணன்’. அந்தப் பேர் ஒன்றுதான் எனக்கு அங்கே இருந்த சொத்து.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“பழைய 135 லென்ஸ் ஒண்ணு விலைக்கு வந்திருக்குதுங்க. வெளிவளையத்துல ஒரு கீறல். முன்மூடி இல்லீங்க. உறைல வார் அறுந்திருக்குது.”

நிறுத்தினேன்.

“அவ்வளவுதானுங்களா அண்ணா?” என்றார் ஈஸ்வரி.

அதே கேள்வி. அதே குரல். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

“ஓரத்துல கொஞ்சம் பூஞ்சை இருக்குதுங்க” என்றேன்.

“எப்பிருந்துங்க?”

“வாங்கறப்பவே இருந்ததுங்க.”

“வித்தவரு சுழி சொல்லலீங்களா?”

“சொல்லலீங்க.”

பின்வரிசையிலிருந்து சென்னியப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஆரப்பா அது? நம்ம சந்தையிலயா? பேரைச் சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடலாம்.”

கூடத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“நாந்தானுங்க” என்றேன். “தெரிஞ்சேதான் சொல்லலீங்க. துவாரத்தை மூடி வெச்சு டார்ச் அடிச்சதும் நாந்தானுங்க.”

யாரோ ஒரு டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் நின்றபடியே இருந்தார். திட்டியிருக்கலாம்.

ஈஸ்வரிதான் பேசினார். “நான் சண்டை போடறதுக்கு வரலீங்க. பணத்தையும் திருப்பிக் கேக்கலீங்க. எதிர்வெளிச்சத்துல எடுத்த படமெல்லாம் புகை மாதிரி வந்துதுங்க. ரெண்டு வருசமா எனக்குத்தான் போட்டோ எடுக்கத் தெரியலைன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. அந்தப் புள்ளைக எல்லாம் படத்தைப் பாத்துப்போட்டு, ‘உடு அக்கா, நம்ம மூஞ்சி இதுக்கு மேல வராது’ன்னு சொல்லுச்சுங்க. அதைக் கேட்டுப்போட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க. கேமராவைத் துணி சுத்திப் பெட்டில போட்டுட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அண்ணா. லென்ஸு சரியில்லைன்னு ஒரு வார்த்தை.”

அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடவும், கண்ணில் நீர் வந்துவிடுமோ என்ற பயம் அதிகமாக இருந்தது. மைக் பிடித்த ஆள் அழுதால் நன்றாக இருக்காது.

“குடுங்க அம்மணி, நானே எடுத்துக்கறேன். குடுத்த விலையைவிட மேலயே போட்டுத் தர்றேன்” என்றேன்.

“உங்களுக்கு வேண்டாமுங்க. நீங்க மறுபடியும் வித்துப்போடுவீங்க.”

கூடம் கொல்லென்று சிரித்தது. சென்னியப்பன்கூடச் சிரித்தார். கோயமுத்தூர்க் குசும்பு என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். வாங்கிக்கட்டிக்கொள்ளும்போது அதில் அவ்வளவு பெருமை தெரிவதில்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. திருப்பூரில் கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “ஏனுங்க, எதிர்வெளிச்சத்துல புகை மாதிரி வருமுங்களா? தானாவே வருமுங்களா? நாங்க சாயங்கால வெயில்ல மாப்பிள்ளை பொண்ணை எடுக்கறதுக்கு அதுதானுங்க வேணும்! புகை மிசினுக்கு வாடகை குடுத்து முடியலீங்க!”

அதாவது, இரண்டு வருஷத்துக்கு முன் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதைக் கேட்டு வாங்கவும் ஆள் இருந்திருக்கிறது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திருப்பூர்க்காரர் தன்னிடமிருந்த ஒரு 85 லென்ஸை மாற்றாகத் தந்தார். சுழியும் சொன்னார்: ஃபோகஸ் வளையத்தில் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஈஸ்வரி அதை வாங்கி, துவாரத்தை முழுசாகத் திறந்து, போன் டார்ச்சை அடித்து, நாலு பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என் வகுப்பில் சொன்னபடி, ஒன்றுவிடாமல். பிறகு அம்புக்குறியைப் பழைய லென்ஸிலிருந்து உரிக்காமல் அப்படியே திருப்பூர்க்காரரிடம் கொடுத்தார்.

பையிலிருந்து கேமராவை எடுத்துப் புது லென்ஸை மாட்டினார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல், பதினோரு மணி வெயில். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்த அதே எதிர்வெளிச்சம்.

“கொஞ்சம் நிமிந்து பாருங்கண்ணா” என்றார்.

நிமிர்ந்தேன். ஒரே ஒரு சொடுக்கு.

கேமராவைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் நான் இருந்தேன். காதோர நரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மீசையில் பஜ்ஜித் துணுக்கு. கண்ணோரம் அந்த ஈரம். எங்கேயும் புகை இல்லை.

“கை ஆடுதுங்களா அண்ணா?”

“ஆடலீங்க அம்மணி” என்றேன்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். நான் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.